பின் சீட்டுக்கு ஒரு வரைபடம்

எங்கள் தொழிலில் சரக்கு இலவசம். அதற்காக வாங்கும் திட்டு மட்டும்தான் சொந்தம்.

மைசூர் மண்டி மொஹல்லாவில் கீழே பேட்டரிக் கடை, மாடியில் நாங்கள். வண்டிகளுக்கு ஜி.பி.எஸ். கருவி பொருத்தும் கடை. அந்தக் கருவிக்கும் டிரைவரின் போனுக்கும் வேண்டிய வரைபடத்தை இணையத்திலிருந்து இறக்கி, வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி ஏற்றிக் கொடுப்பது என் வேலை. உலகம் முழுவதும் யார் யாரோ சம்பளம் வாங்காமல் வரைந்து வைத்திருக்கும் பொது வரைபடம் அது. யார் வேண்டுமானாலும் இறக்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். போன் காட்டிய வழியை நம்பிப் போய், யாரோ வீட்டு மாட்டுக் கொட்டகை வாசலில் நின்று, திரும்பவும் முடியாமல் விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அன்றைக்கு நீங்கள் யாரைத் திட்டினீர்களோ எனக்குத் தெரியாது. உங்களைப் போன்ற பலர் திட்டியது என்னைத்தான்.

யாரைக் கூப்பிடுவது?

மைசூரின் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் கம்பெனி பஸ் ஓட்டும் கான்ட்ராக்டர் ஒருவர் ஒருநாள் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். அவருடைய புது டிரைவர் நாங்கள் ஏற்றிக் கொடுத்த வரைபடத்தைப் பார்த்து ஓட்டியிருக்கிறார். அது ஒரு தொழிற்சாலைக்குள்ளே புகுந்து அந்தப் பக்கம் போகச் சொல்லியிருக்கிறது. ஷிப்டுக்குப் போகிறவர்கள் நிறைந்த பஸ், பூட்டிய கேட்டுக்கு முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. முன்பு அங்கே வழி இருந்தது, பிறகு சுவர் வைத்துவிட்டார்கள். சுவர் எழும்பியது வரைந்தவருக்குத் தெரியாது.

"வரைஞ்சவன் யாரு, நம்பர் குடுங்க" என்றார். அப்படி ஒரு ஆள் கிடையாது, ஊர் கூடி இழுக்கும் தேர் இது என்று நான் விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்துகொண்டார். "அப்போ தப்புக்கு ஆள் இல்ல, உங்க ஒருத்தரைத் தவிர. சரி மேடம், உங்களையே திட்டறேன், தப்பா எடுத்துக்காதீங்க."

முன் சீட், பின் சீட்

மாதேஷ் அப்படி மூச்சிரைத்துக்கொண்டு வரவில்லை. கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டு வந்தார். கோபிநத்தத்தைத் தாண்டிக் காட்டோரம் இருக்கிற ஒரு சின்ன ஊர்க்காரர். அந்தப் பக்கத்து நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மைசூரில் உள்ள ஓர் அறக்கட்டளை ஜீப் ஒன்று விட்டிருக்கிறது. அதன் டிரைவர் அவர். ஜீப்பைச் சர்வீஸுக்குக் கொண்டுவந்தவர், அப்படியே எங்களிடம் வந்து, போனில் தன் ஊர் வழி முழுவதும் ஏற்றித் தர முடியுமா என்று கேட்டார். அங்கே பெரும்பாலும் சிக்னல் கிடையாது. சிக்னல் இல்லாத காட்டிலும் தான் நிற்கும் இடம் போனுக்குத் தெரியும். சுற்றி என்ன இருக்கிறது என்பதைத்தான் முன்கூட்டியே ஏற்றி வைக்க வேண்டும்.

பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பவருக்கு வரைபடம் எதற்கு என்று கேட்டேன். அவருடைய மனைவி சரசு கர்ப்பமாக இருக்கிறார். இதற்கு முன் ஒரு பிரசவம். வலி நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஜீப்பை ஓட்டியது இவர். பின்னால் சரசுவும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரும். காட்டுத்தடம் முழுக்கச் சரசு இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறார். இவர் திரும்பாமல், "இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். பாதி வழியில் குழந்தை பிறந்தது. அது அழவில்லை.

இந்த முறை பின்னால் சரசுவின் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றார். அறக்கட்டளையில் கேட்டால் மைசூரிலிருந்து இன்னொரு டிரைவரை அனுப்பத் தயார். ஆனால் அவருக்கு அந்தக் காடு தெரியாது. "நீங்க பின்னால உட்கார்ந்துக்கிட்டே அவருக்கு வழி சொல்லலாமே?" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயை நானே நொந்துகொண்டேன். மாதேஷ் கோபப்படவில்லை. "பின்னால உக்காந்து வழி சொல்லிட்டே போனா, அதுவும் முன்னால உக்காந்த மாதிரித்தானுங்க மேடம்."

பாதிப் பாலம்

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மாநிலம் மாநிலமாக ஏற்கெனவே வெட்டி வைத்த கோப்பு இணையத்தில் கிடைக்கும். வருகிறவர் யாராக இருந்தாலும் கர்நாடகாவை இறக்கு, ஏற்று, அனுப்பு. மைசூர்க்காரர்கள் மண்டியாவுக்கும் ஹாசனுக்கும் பெங்களூருக்கும் போகிறவர்கள். அதில் யாருக்கும் குறை வந்ததில்லை. மாதேஷின் ஊரும் ஹனூர் தாலுக்கா, கர்நாடகாதான். ஆகவே அதையே ஏற்றிக் கொடுத்தேன்.

அவர் போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, ஊரிலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். கோபிநத்தம் வந்தது. மாநில எல்லையில் ஓடும் பாலாறு வந்தது. அதற்குமேல் வெள்ளைக் காகிதம். அந்த ஊர்க்காரர்கள் ஓட்டுப் போடுவது கர்நாடகாவில். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவது தமிழ்நாட்டில் இருக்கும் மேட்டூருக்கு. கர்நாடகப் பக்கத்துக் கொள்ளேகாலுக்கு மலை ஏறி இறங்கிப் போவதைவிட அதுதான் கிட்டே. மாநிலக் கோட்டோடு வெட்டிய கத்தி ஆஸ்பத்திரியையும் சேர்த்து வெட்டிவிட்டது. இது என் புத்தியில் உறைக்க, போனை அவர் என் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டியிருந்தது. "பாலம் பாதிதான் இருக்குதுங்க. மீதிப் பாதியில ஆத்துல எறங்கோணுமுங்களா?"

பச்சை

சரி என்று மாநிலக் கோப்பைத் தூர வைத்தேன். வரைபடத்தின்மேல் மவுஸால் ஒரு சதுரம் இழுத்தால், அந்தச் சதுரத்துக்குள் இருப்பதை மட்டும் தனியாக இறக்கலாம். சதுரத்துக்கு மாநிலம் தெரியாது, மொழி தெரியாது. மாதேஷின் ஊருக்கு மேலே தொடங்கி, காட்டையும் பாலாற்றையும் கொளத்தூரையும் அணைத்துக்கொண்டு, மேட்டூர் வரை இழுத்துவிட்டேன். பாலம் முழுசாக வந்தது. ஆஸ்பத்திரி வந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் அவருடைய ஊரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சை. ஊர்ப் பெயர் ஒரு புள்ளியாக இருந்தது. அந்தப் புள்ளியிலிருந்து தார் ரோடு வரைக்கும் ஒரு கோடு இல்லை. மண்டி மொஹல்லாவில் பஜ்ஜிக் கடையைக்கூட யாரோ குறித்து வைத்திருக்கிறார்கள். காலையில் மட்டும் திறக்கும் கடை என்றும் எழுதியிருக்கிறார்கள். அங்கே ஓர் ஊருக்கே வழி இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. கான்ட்ராக்டர் பட்ட பாடு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

முதலாளி சேகர் சாரிடம் போய்ச் சொன்னேன். அவரும் மைசூர்த் தமிழர்தான். தமிழில் பாதி கன்னடம் கலந்துதான் பேசுவார். கெட்டவர் இல்லை, உள்ளதைச் சொல்கிறவர். "சும்னே டென்ஷன் ஆகாதேம்மா. இறக்கறதுதான் நம்ம கெலசம், நம்ம வேலை. அங்க யாருமே வைக்காததை நீ எங்கிருந்து இறக்குவே?"

கால் போகும் இடம்

அவர் சொன்னதில்தான் வழியும் இருந்தது. யாராவது வைத்தால் இறக்கலாம். மறுநாள் அதைச் சொன்னதும், அலமாரியில் சும்மா கிடந்த கருவி ஒன்றைச் சேகர் சாரே எடுத்து ஜீப்பில் பொருத்தச் சொல்லிவிட்டார். வண்டி போகும் தடத்தையெல்லாம் அது பதிந்துகொள்ளும். சிக்னல் இல்லாத இடத்தில் எல்லாவற்றையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டூர் பக்கம் வந்ததும் எங்கள் கணினியில் கொட்டிவிடும். மாதேஷிடம் நான் சொன்னது ஒன்றுதான்: எப்போதும் போகிற வழி, மழை பெய்து ஓடை நிறைந்தால் போகிற மாற்று வழி, இரண்டிலும் ஓட்டுங்கள்.

அவர் ஓட்டினார். காய்ச்சல்காரரை, கால் ஒடிந்தவரை, மாதா மாதம் மாத்திரைக்குப் போகிற பெரியவரைக் கொண்டுபோய் விட்டபடியே. கருவி கொட்டக் கொட்ட, பச்சையின்மேல் கோடுகள் விழுந்தன. அதைப் பார்த்து நான் பொது வரைபடத்தில் தடங்களை வரைந்தேன். அப்படி வரையும்போது ஓர் இடத்தில் எல்லாக் கோடும் கசங்கிக் கிடப்பதைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வண்டி அங்கே நின்றிருக்கிறது. ஊர் இல்லை, ஓடை இல்லை, பிரியும் பாதை இல்லை. டீக்கடையோ, கோயிலோ இருக்கும், குறித்து வைப்போம் என்று போனில் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"அங்க ஒண்ணும் இல்லீங்க, ஒரு பாறை இருக்குது, வண்டி அதும் மேல ஏறி எறங்கும்" என்றார். பிறகு ஏன் ஒவ்வொரு முறையும் அங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன். "போன தடவை அங்கதான் வண்டிய நிறுத்திப்போட்டுப் பின்னால போய்ப் பாத்தனுங்க. இப்பவும் அந்த எடம் வந்தா, கால் தானாப் பிரேக்குக்குப் போயிருதுங்க."

மேலேயிருந்து பார்த்தவர்

நான் வரைந்த தடத்தை மாதேஷின் போனில் நேராகக் கொண்டுபோய் வைக்க எங்கள் செயலியில் வழி இல்லை. பொது வரைபடத்தில் அது ஏறி, அந்தப் பக்கம் புதுக் கோப்பு தயாராகி, பிறகு நான் சதுரம் இழுத்து மறுபடி இறக்க வேண்டும். கிணற்றில் ஊற்றிவிட்டு அதே கிணற்றில் இறைக்கிற வேலை. காத்திருந்து இறக்கினேன். பார்த்தால் ஓடைக்கு மாற்று வழியாக நான் வரைந்தது ஜீப் தடமாக இல்லை, ஒற்றையடிப் பாதையாக இருந்தது. யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஒற்றையடிப் பாதை என்று இருந்தால் வண்டியை அந்தப் பக்கம் போன் விடாது. ஓடை நிறைந்த அன்றைக்கு ஜீப் கரையில் நிற்கும். பின்னால் சரசு இருப்பார்.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று நானே எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்! மாற்றியவரின் பெயருக்கு ஒரு செய்தி அனுப்பலாம், அனுப்பினேன். முதலில் எழுதியதை அழித்துவிட்டேன், அது இங்கே சொல்லத் தக்கதல்ல. இரண்டாவதாக, வண்டி ஓடிய பதிவைச் சேர்த்து, இந்த வழியில் ஒரு பிரசவ வண்டி போகவேண்டியிருக்கிறது என்று மட்டும் எழுதினேன். என்னைப் போல அவரும் சம்பளமில்லாமல் உட்கார்ந்து, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் திருத்துகிறவர். தமிழர்தான். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கே பழையபடி மாற்றிவிட்டுப் பதில் போட்டிருந்தார். "மன்னிக்கவும். மேலேயிருந்து பார்த்தபோது எனக்கு மரம் மட்டும்தான் தெரிந்தது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் ஒரு வரி சொல்லுங்கள்."

பிரகாஷின் சந்தேகம்

அறக்கட்டளை அனுப்புவதாகச் சொன்ன டிரைவர் பிரகாஷ். மைசூர்க்காரர், கன்னடத்துக்காரர், தமிழ் தட்டுத் தடுமாறி வரும். சரசுவுக்கு நாள் நெருங்கியதும், அவரை மாதேஷின் ஊரிலேயே தங்கச் சொல்லியிருந்தார்கள். கிளம்புவதற்கு முன்னால் எங்கள் கடைக்கு வந்தார். மேட்டூரில் முன்கூட்டியே போய்த் தங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். அப்படித்தான் அவர்களும் ஏற்பாடு செய்திருந்தார்கள், சொந்தக்காரர் வீடு பார்த்திருந்தார்கள். ஆனால் போன முறையும் அப்படித்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள். வலி ஏற்பாட்டைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

பிரகாஷின் போனில் சதுரத்தையும், கூடவே மைசூர் வரைபடத்தையும் ஏற்றினேன். ஊர், தடம், ஓடை, மாற்று வழி, பாலம், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். சிக்னலை அணைத்துவிட்டு, மண்டி மொஹல்லா சந்துகளில் ஒரு சுற்றுப் போய்வரச் சொல்லி, போன் தானே வழி காட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னேன். போய் வந்தார். முகம் மட்டும் தெளியவில்லை. வண்டி ஓட்டிப் பழுத்தவர், ஆனால் காட்டுக்குள் ஓட்டியவர் இல்லை. எல்லாம் புரிந்ததா என்று கேட்டேன். "ரோடு இது சொல்லும் மேடம், சரி. ஆனை நின்னா யாரு சொல்றது?"

பாறை வந்தது

வலி இந்த முறையும் முந்திக்கொண்டது. நல்ல மழைக்கு மறுநாள் காலையில் வந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது. நான் கடையில் யாரோ ஒரு தண்ணீர் லாரிக்காரருக்குச் சதுரம் இழுத்துக்கொண்டிருந்தேன். திரையின் ஓரத்தில் மாதேஷின் ஜீப் ஒரு புள்ளியாக ஊரில் நின்றிருந்தது. அங்கே சிக்னல் இல்லாததால் பழைய இடத்திலேயே நின்றது. பிறகு பார்த்தபோதும் அங்கேயேதான். அதற்கும் பிறகு, ஒரே தாவலாகக் கொளத்தூரில் இருந்தது. கருவி வயிற்றில் இருந்ததைக் கொட்ட, கோடு பின்னாலிருந்து வரைந்துகொண்டு வந்தது. ஓடைப் பக்கம் போகவில்லை, மாற்று வழியில் போயிருந்தது. பாறை இருக்கும் இடத்தைத் தேடினேன். கோடு அங்கே கசங்கவில்லை. நேராகப் போயிருந்தது. சாமி கும்பிடும் பழக்கம் எனக்கு அவ்வளவாக இல்லை. அன்றைக்குக் கை தானாகக் குவிந்தது. தண்ணீர் லாரிக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பெண் குழந்தை. மேட்டூரில், ஆஸ்பத்திரிக்கு உள்ளே, நன்றாக அழுதுகொண்டு பிறந்தது. இரண்டு நாள் கழித்து மாதேஷ் போனில் கூப்பிட்டார். பிரகாஷ் நன்றாக ஓட்டினார், ஆனை ஒன்றும் வரவில்லை, போன் சொன்ன வழி சரியாக இருந்தது என்று என்னென்னவோ சொன்னார். பாறையைப் பற்றிச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே, "சரசு பேசோணும்கிறாளுங்க, இருங்க" என்று போனைக் கொடுத்துவிட்டு, குழந்தைக்கு ஏதோ வாங்க வெளியே போனார்.

நான் சரசுவின் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. தாழ்ந்த குரல். உடம்பு எப்படி இருக்கிறது, பாப்பா பால் குடிக்கிறதா என்று நான் கேட்டதற்கெல்லாம் உம், உம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை காத்திருந்தார் போலிருக்கிறது. பிறகு சொன்னார். "அக்கா, பாறை மேல வண்டி ஏறி எறங்குச்சு, அந்தக் குலுக்கல்லயே அந்த எடம்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு. அவரு எங் கையப் புடிச்சிட்டு எம் மொகத்தையே பாத்துட்டிருந்தாரு, அவருக்குத் தெரியல. நானும் சொல்லல."

பொது வரைபடத்தில் மாற்றித் திருத்தியவருக்கு ஒரு வரி எழுதிப் போட்டேன். மற்றபடி, இந்தத் தொழிலில் இத்தனை திட்டு வாங்கி நான் தெரிந்துகொண்டது, வழி தெரியாதவருக்கு வேண்டியிருப்பதைவிட, வழி தெரிந்தவர் அதைப் பார்க்காமல் வருவதற்குத்தான் வரைபடம் அதிகமாக வேண்டியிருக்கிறது என்பதுதான்.